சந்தைக்குப் புறப்படும் முன்னே

(மாடு வளர்ப்போர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மாட்டுச் சந்தை என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். நம் நாட்டில் மாட்டுச் சந்தை கூடாத மாநிலம் இல்லை என்றே சொல்லலாம். ராஜஸ்தானில் புஷ்கர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கார்த்திகை மாதத்தில் ஒட்டகச் சந்தை கூடும். அதே மாநிலத்தில் நாகௌர் என்ற ஊரில் காளைச் சந்தை கூடும். பீகாரில் கங்கையும் கண்டகி ஆறும் கூடும் இடத்தில் சோன்பூர் சந்தை நடக்கும். கர்நாடகத்தில் தொட்டபள்ளாப்பூருக்குப் பக்கத்தில் காட்டி சுப்பிரமணியா என்ற கோவில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே பெரிய மாட்டுச் சந்தை கூடும்.

காட்டிச் சந்தைக்கு வரும் மாடுகளில் ஹள்ளிகார் இனம் பேர் பெற்றது. சாம்பல் நிறம். நீண்ட முகம். பின்பக்கம் சாய்ந்து மேலே போகும் நீளக் கொம்பு. உழவுக்கும் வண்டிக்கும் ஏற்ற மாடு. 2000ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை இந்த மாட்டின் படத்தைப் போட்டுத் தபால்தலை வெளியிட்டது.

சந்தைக்கு மாடு கொண்டுபோவது எப்படி? எதை எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்? எதை எங்கே வைக்க வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சு. "இது என்ன பெரிய விஷயம்? மாட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லலாம்.

ஒரு குடும்பம், ஒரு ஜோடிக் காளை

கோலார் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பம். கணவன், மனைவி, மகன், மருமகள். நிலம் கொஞ்சம். வீட்டில் ஒரு சினைப் பசு. ஒரு ஜோடி ஹள்ளிகார்க் காளை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சந்தையில் இளம் கன்றுகளை ஜோடியாக வாங்குவார்கள். இரண்டு மூன்று வருஷம் வளர்ப்பார்கள். ஏர் பழக்குவார்கள். வண்டி பழக்குவார்கள். நன்றாகப் பழகிய ஜோடியைச் சந்தையில் விற்பார்கள். அந்தப் பணத்தில் மறுபடியும் இளம் ஜோடி ஒன்று வாங்குவார்கள். மீதிப் பணம்தான் குடும்பத்துக்கு வருமானம். கடன் அடைப்பதும் அதில்தான். கல்யாணம் செய்வதும் அதில்தான். ஆகவே சந்தையில் நான்கு நாள் தவறினால் மூன்று வருஷ உழைப்பு தவறிவிடும்.

அந்தக் குடும்பம் முதல் தடவை சந்தைக்குப் போனபோது அப்படித்தான் ஆயிற்று. அவசரமாகப் புறப்பட்டார்கள். ஒரு நாளைக்கு மட்டும் கேழ்வரகுத் தாள் எடுத்துப் போனார்கள். மறுநாள் தீவனம் தீர்ந்தது. சந்தையில் விற்ற பச்சைத் தீவனத்தை வாங்கி நிறையப் போட்டார்கள். பழக்கம் இல்லாத தீவனம். இரவில் ஒரு காளைக்கு வயிறு உப்பிக்கொண்டது. இடது பக்கம் பானை போல வீங்கியது. டார்ச் லைட் இல்லை. டாக்டர் எங்கே இருக்கிறார் என்றும் தெரியவில்லை. இருட்டில் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. காளை பிழைத்துவிட்டது. ஆனால் தளர்ந்துபோய் நின்றது. தலை தொங்கிய மாட்டை யார் வாங்குவார்கள்? கேட்டவர்கள் பாதி விலைக்குக் கேட்டார்கள். லாரி வாடகையும் கொடுத்து, காளைகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வருஷம் சந்தை நெருங்கியது. கணவர் கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

"போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது. எதை மறந்தோம், எதை எடுத்தோம் என்றே நினைவு இல்லை" என்றார்.

"ஏங்க, எழுதி வைத்துவிடலாம். எழுதினால் மறக்காது" என்றார் மனைவி.

அவர் அந்த வருஷம்தான் முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மேலே 'சந்தைச் சாமான்' என்று எழுதினார். அந்த நோட்டில் என்ன எழுதினார் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

நோட்டில் முதல் வரி சாமான் அல்ல. தடுப்பூசி.

சந்தையில் பல ஊர் மாடுகள் ஒன்றாக நிற்கும். ஒரு மாட்டுக்கு நோய் இருந்தால் பல மாட்டுக்குத் தொற்றும். அந்த மாடுகள் பல ஊருக்குப் போகும். நோயும் கூடவே போகும். கோமாரி நோய் அப்படிப் பரவும் நோய். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போட வேண்டும். அரசு இதை இலவசமாகப் போடுகிறது. 2019ஆம் ஆண்டில் இதற்காகத் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கியது.

தடுப்பூசி போட்ட அன்றே மாட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே சந்தைக்கு முந்தின நாள் ஊசி போட்டால் பயன் இல்லை. ஒரு மாதம் முன்பே போட வேண்டும்.

தோல் கழலை நோய் என்று இன்னொரு நோய் இருக்கிறது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வரும். கொசு, ஈ, உண்ணி கடிப்பதால் பரவும். இந்தியாவில் இது 2019இல் முதலில் தென்பட்டது. 2022இல் பல மாநிலங்களில் மாடுகள் இறந்தன. அந்த வருஷம் புஷ்கர் சந்தைக்குக் கால்நடை கொண்டுவரக் கூடாது என்றே சொல்லிவிட்டார்கள். ஆகவே புறப்படும் முன்பு இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்த வருஷம் சந்தை கூடுகிறதா? எந்த ஊசி போட்டிருக்க வேண்டும்? கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது லாடம். லாடம் தேய்ந்திருந்தால் பத்து நாள் முன்பே மாற்ற வேண்டும். முந்தின நாள் மாற்றினால் ஆணி பட்ட இடம் வலிக்கும். காளை நொண்டும். நொண்டும் காளைக்கு விலை ஏது?

பிறகு பழக்கம். சந்தையில் கூட்டம் இருக்கும். மேளம் கேட்கும். ஒலிபெருக்கி அலறும். வீட்டிலேயே நின்ற மாடு அதைக் கண்டு மிரளும். அதனால் தினமும் காலையில் பிடிகயிற்றில் பிடித்துத் தெருவில் நடத்திப் பழக்க வேண்டும். வாளியில் தண்ணீர் குடிக்கவும் பழக்க வேண்டும். தொட்டியில் மட்டும் குடித்துப் பழகிய மாடு சந்தையில் வாளியைக் கண்டால் முகம் திருப்பும்.

காகிதப் பை

சாமான்களில் மிகச் சிறியது காகிதப் பை. அதுதான் மிக முக்கியமானது. காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் துணிப்பையில் வைக்க வேண்டும். அந்தப் பை மூட்டைக்குள் போகக் கூடாது. ஆளின் தோளிலேயே இருக்க வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

மாட்டை லாரியில் ஏற்றிப் போகக் கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும். மாடு பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது, தொற்று நோய் இல்லை என்று அதில் இருக்கும். 1978ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளில் இது சொல்லப்பட்டிருக்கிறது. தடுப்பூசிச் சீட்டும் வேண்டும். மாட்டின் காதில் மஞ்சள் வில்லை போட்டிருப்பார்கள். அதில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். சான்றில் உள்ள எண்ணும் காதில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மா அப்படிப் படித்துப் பார்த்தார். ஒரு எண் தவறாக இருந்தது. 6 என்று இருக்க வேண்டிய இடத்தில் 9 என்று இருந்தது. மருந்தகத்துக்குத் திரும்பப் போய்த் திருத்தி வாங்கினார். வழியில் நிறுத்திக் கேட்டிருந்தால் பெரிய தொல்லை ஆகியிருக்கும்.

மாநிலம் விட்டு மாநிலம் போனால் வேறு அனுமதிச் சீட்டும் கேட்கலாம். அதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். வாங்கிய மாடு என்றால் வாங்கிய ரசீதும் பையில் இருக்கட்டும்.

தீவனக் கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம்.

நன்கு வளர்ந்த காளை ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 8 கிலோ காய்ந்த தாள் தின்னும். ஜோடிக்கு 16 கிலோ. போக வர, தங்க எல்லாம் சேர்த்து 5 நாள். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். லாரி கிடைக்காமல் போகலாம். விலை படியத் தாமதம் ஆகலாம். ஆக 6 நாள். 16ஐ 6ஆல் பெருக்கினால் 96 கிலோ.

கொள்ளு, தவிடு, பிண்ணாக்கு சேர்ந்த தீனி ஒரு காளைக்கு நாளொன்றுக்கு 2 கிலோ என்று வைத்தால் ஜோடிக்கு 4 கிலோ. 6 நாளைக்கு 24 கிலோ.

வீட்டில் தின்னும் அதே தீவனத்தையே எடுத்துப் போக வேண்டும். மாட்டின் வயிறு திடீர் மாற்றத்தைத் தாங்காது. சந்தைக்குப் போகிறோம் என்று அதிகமாகத் தானியம் போடுவதும் தவறு. வயிறு உப்புசம் வரும்.

ஒவ்வொரு நாள் தீனியையும் தனித்தனிச் சிறு சாக்கில் கட்டுவது நல்லது. ஆறு சாக்கு. ஒரு நாளைக்கு ஒரு சாக்கு அவிழ்த்தால் போதும். அளக்கவும் வேண்டாம். மீதி எவ்வளவு என்று பார்த்தாலே தெரியும்.

தண்ணீரை வீட்டிலிருந்து முழுதும் கொண்டுபோக முடியாது. குளிர் காலத்திலும் ஒரு காளை சுமார் 40 லிட்டர் குடிக்கும். ஜோடிக்கு 80 லிட்டர். 10 லிட்டர் வாளியில் எட்டு வாளி. ஆகவே சந்தைக்குப் போனதும் முதல் வேலை குழாய் எங்கே என்று பார்ப்பது. வழிக்கு மட்டும் இரண்டு கேன் தண்ணீர் போதும்.

இரண்டு வாளி, ஒரு அகலத் தொட்டி கட்டாயம் வேண்டும். சொந்த வாளியில் குடிக்கும் மாட்டுக்குப் பிறத்தியார் மாட்டின் எச்சில் படாது. இதை ஏன் சொல்ல வேண்டும் என்பது கதையின் பின்பகுதியில் தெரியும்.

கயிறும் முளையும்

கயிறு இல்லாமல் மாடு இல்லை. மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு, பிடிகயிறு, கட்டும் கயிறு என்று நான்கு உண்டு. ஒவ்வொன்றிலும் மாற்றுக் கயிறு ஒன்று வேண்டும். கயிற்றைக் கண்ணால் பார்த்தால் போதாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். புரி விட்டிருந்தால் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். புது மூக்கணாங்கயிற்றைச் சந்தையில் மாற்றக் கூடாது. மூக்கு புண்ணாகும். ஒரு வாரம் முன்பே மாற்றிவிட வேண்டும்.

முளைக்குச்சி நான்கு. அடிக்க ஒரு கட்டை. ஒரு அரிவாள். சாணி அள்ளக் கூடை. ஒரு மண்வெட்டி. ஒரு விளக்குமாறு. நிழலுக்குத் தார்ப்பாய் ஒன்று. அதைக் கட்ட நான்கு மூங்கில். டிசம்பர் மாத இரவில் அங்கே பனி இறங்கும். காளைகளின் முதுகில் போட இரண்டு கோணிப் போர்வை. படுக்க வைக்கோல்.

குளிப்பாட்டலும் அலங்காரமும்

சந்தையில் மாட்டைக் காட்ட வேண்டும். அதற்குச் சுத்தமே முதல் அலங்காரம். தேய்க்கத் தேங்காய் நார். துடைக்கப் பழைய வேட்டி. வாலைச் சீவ ஒரு சீப்பு. கொம்புக்குத் தடவக் கொஞ்சம் எண்ணெய். பிறகு சலங்கை, நெற்றிப் பட்டம், கொம்புக் குப்பி. இவற்றை ஒரு தனிப் பெட்டியில் துணி சுற்றி வைக்க வேண்டும். புறப்படும்போதே கட்டிவிட்டால் லாரியில் அறுந்துபோகும். சந்தை வரிசையில் நிறுத்திய பிறகு கட்டினால் போதும்.

சிலர் கொம்பைக் கண்ணாடித் துண்டால் சுரண்டுகிறார்கள். கொம்புக்குள் ரத்தம் ஓடுகிறது. அளவுக்கு மேல் சுரண்டினால் மாட்டுக்கு நோகும். மாடு துடியாக நிற்க வேண்டும் என்று சிலர் மிளகாய் தேய்க்கிறார்கள். சாராயம் ஊற்றுகிறார்கள். இவை கொடுமை. சட்டப்படியும் குற்றம். நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கிய காளை தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

மருந்துப் பை

மாட்டோடு முதலுதவிப் பையும் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. பஞ்சு, சுத்தமான துணிக்கட்டு, அயோடின் மருந்து, புண்ணில் ஈ மொய்க்காமல் இருக்க வேப்பெண்ணெய், கத்தரிக்கோல், சோப்பு ஆகியவை பையில் இருக்கட்டும். மருத்துவர் கொடுத்த வேறு மருந்து இருந்தால் அதன் மேல் பெயரையும் அளவையும் எழுதி ஒட்ட வேண்டும்.

துணி துவைக்கும் சலவைச் சோடா ஒரு கிலோ எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சோடா கரைத்தால் கோமாரிக் கிருமியைக் கொல்லும். வாளியையும் தொட்டியையும் செருப்பையும் அதில் கழுவலாம். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

வயிறு உப்பினால் தீவனத்தை உடனே நிறுத்த வேண்டும். மாட்டைப் படுக்க விடாமல், முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்த வேண்டும். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தாமதித்தால் மாடு இறந்துபோகும். பதற்றத்தில் வாயைப் பிளந்து எதையாவது ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி பற்றிச் சொல்வார்கள். அந்த எண்ணை நோட்டில் பெரிதாக எழுதி வைக்கலாம்.

மனிதருக்கு

மாட்டுக்கு எல்லாம் எடுத்துவிட்டுத் தனக்கு எதுவும் எடுக்காமல் போகிறவர்கள் பலர். அரிசி, கேழ்வரகு மாவு, உப்பு, மிளகாய், ஒரு பாத்திரம், தீப்பெட்டி வேண்டும். கம்பளி வேண்டும். டார்ச் லைட்டும் மாற்று பேட்டரியும் வேண்டும். கைப்பேசி வெளிச்சம் மட்டும் போதாது. பேட்டரி தீர்ந்தால் போனும் போய்விடும், வெளிச்சமும் போய்விடும். பணத்தை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. இரவில் ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஆகவே குறைந்தது இரண்டு பேர் போக வேண்டும்.

வண்டியில் ஏற்றுவது

ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. இது விதி. தரையில் வழுக்காமல் இருக்கத் தேங்காய் நார் விரிப்போ பலகையோ போட வேண்டும். மாடுகள் என்ஜின் பக்கம் முகம் பார்த்து நிற்பது நல்லது. வண்டிக்கு ஒரு ஆள் மாடுகளோடு இருக்க வேண்டும். விற்பனைச் சரக்கு எதையும் அதே வண்டியில் ஏற்றக் கூடாது. தீவனமும் சாமானும் மாட்டின் மேல் சாயாதபடி தடுத்துக் கட்ட வேண்டும்.

மூட்டை கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. இறங்கியதும் முதலில் வேண்டியது எதுவோ அது கடைசியில் ஏற வேண்டும். முளை, கட்டை, கயிறு, வாளி, ஒரு நாள் தீனி. இவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அலங்காரப் பெட்டி அடியில் இருக்கலாம். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டு. அதில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதினால் இருட்டில் எல்லா மூட்டையையும் அவிழ்க்க வேண்டாம்.

நடத்திப் போகிறவர்களுக்கும் விதி உண்டு. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் மாட்டை நடத்தக் கூடாது. இரண்டு மணிக்கு ஒரு முறை தண்ணீர், நான்கு மணிக்கு ஒரு முறை தீவனம் கொடுக்க வேண்டும். இரவில் நடத்தக் கூடாது.

சந்தையில் நடந்தது

கணவனும் மனைவியும் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஏற்றியதற்கு நேரே ஒரு கோடு போட்டார்கள். மருமகள் வீட்டையும் சினைப் பசுவையும் பார்த்துக்கொண்டாள். மகன் லாரியில் காளைகளோடு நின்றான்.

சந்தையில் காளைகளைக் கட்டியதும் அந்த அம்மா ஒரு வேலை செய்தார். காளைகளுக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தார். மாடு வாங்க வருகிறவர்கள் பல் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு மாட்டின் வாயில் வைத்த கையை அப்படியே அடுத்த மாட்டின் வாயில் வைப்பார்கள்.

"பல் பார்க்கலாம். கையைக் கழுவிக்கொண்டு பாருங்கள்" என்றார் அவர்.

சிலர் சிரித்தார்கள். "மாட்டைத் தொடக் கை கழுவ வேண்டுமாம்! கல்யாணப் பந்தி பாரு!" என்று கேலி செய்தார்கள். கணவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாளியை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. எதிர் வரிசையில் ஒரு காளை வாயில் நுரை நூலாக ஒழுக நின்றது. முன்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. அந்த அம்மாவுக்கு வகுப்பில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. வாயில் எச்சில் ஒழுகுதல். காலில் நொண்டல். காய்ச்சல். இவை கோமாரியின் அடையாளம்.

"ஏங்க, டாக்டரிடம் சொல்லுங்க" என்றார்.

"நாம் சொன்னால் அவர்கள் சண்டைக்கு வருவார்களே" என்று கணவர் தயங்கினார்.

"சொல்லாவிட்டால் அந்த மாட்டுக்கும் கெடுதல். நூறு ஊர் மாட்டுக்கும் கெடுதல்."

கணவர் போய்ச் சொன்னார். கால்நடை மருத்துவ முகாமிலிருந்து மருத்துவர் வந்தார். அந்தக் காளையைத் தனி இடத்துக்கு மாற்றினார்கள். அது நின்ற இடத்தைச் சோடாத் தண்ணீரால் கழுவினார்கள். பக்கத்து மாடுகளை எல்லாம் மருத்துவர் பார்த்தார். அந்தக் குடும்பத்தின் காளைகளுக்குக் காய்ச்சல் இல்லை. தடுப்பூசிச் சீட்டில் தேதி சரியாக இருந்தது. ஆனாலும் மருத்துவர் ஒன்று சொன்னார். "யார் வாங்கினாலும் மூன்று வாரம் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்."

அதன் பிறகு அந்த வாளியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சோப்பு கேட்டு வாங்கிப்போனார்கள்.

துண்டுக்குள் பேரம்

அன்று மாலை ஒருவர் காளைகளைப் பார்த்தார். நடத்திப் பார்த்தார். தரகர் வந்தார். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். இது பழைய முறை. விரல் பேசும் விலை பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. சில சமயம் விற்பவருக்கே சரியாகத் தெரியாது. தரகர் இரண்டு பக்கமும் இரண்டு விலை சொல்ல இடம் உண்டு.

விலை படிந்தது. மனைவி கணவரைத் தனியே கூப்பிட்டார். "எதிர் வரிசையில் கோமாரி வந்ததைச் சொல்லிவிடலாம்" என்றார்.

கணவர் வாய் அடைத்து நின்றார். போன வருஷ நஷ்டம் நினைவுக்கு வந்தது. கடன் நினைவுக்கு வந்தது. சொன்னால் பேரம் கலையலாம்.

"அவர் வீட்டிலும் நம் வீட்டு மாதிரி ஒரு சினைப் பசு இருக்குமே" என்றார் மனைவி.

கணவர் திரும்பிப் போனார். நடந்ததைச் சொன்னார். தடுப்பூசிச் சீட்டைக் காட்டினார். மூன்று வாரம் தனியாகக் கட்டும்படி சொன்னார். வாங்க வந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்கிறேன். உள்ளதைச் சொல்லும் ஆளிடம் வாங்கினால் மனசுக்குப் பயம் இல்லை" என்றார்.

இரண்டாயிரம் குறைந்தது. ஆனால் காளை விற்றது. அந்த அம்மா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், இரண்டு ஊர், தேதி, காதில் உள்ள எண்கள், விலை எல்லாம் எழுதினார். இரண்டு பிரதி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். துண்டுக்குள் பேசிய விலை தாளில் வந்துவிட்டது. தரகர் வேறு விலை சொல்ல இடம் இல்லை.

வீடு திரும்பிய பிறகு

மறுநாள் ஓர் இளம் ஜோடி வாங்கினார்கள். கோமாரி வந்த வரிசைக்குத் தூரமாக நின்ற ஜோடி அது. சான்று பார்த்து வாங்கினார்கள். ஊருக்கு வந்ததும் தொழுவத்துக்குள் விடவில்லை. வயல் ஓரத்து வேப்பமரத்தடியில் கட்டினார்கள். தனி வாளி. தனித் தொட்டி. மகன் முதலில் சினைப் பசுவைக் கவனித்தான். பிறகுதான் புதுக் கன்றுகளிடம் போனான். திரும்பும்போது கையையும் காலையும் கழுவினான். சந்தைக்குப் போன கயிறு, வாளி, செருப்பு எல்லாவற்றையும் சோடாத் தண்ணீரில் கழுவி வெயிலில் போட்டார்கள். இருபத்தொரு நாள் இப்படியே நடந்தது. எந்த நோயும் வரவில்லை. இருபத்திரண்டாம் நாள் புது ஜோடி தொழுவத்துக்கு வந்தது.

அந்த அம்மா நோட்டைத் திறந்தார். சந்தையில் வேண்டியிருந்தும் எடுக்காமல் போன சாமான்களைக் கீழே எழுதினார். இரண்டே இரண்டு. ஒன்று, சாக்குத் தைக்கும் ஊசியும் நூலும். மற்றொன்று, இன்னொரு சோப்பு.

பெரியோர்களே! தாய்மார்களே!

நாட்டில் முன்பு மாட்டு வெக்கை என்ற கொடிய நோய் இருந்தது. சந்தை வழியாகவும் மாடு ஓட்டிப்போகும் வழியாகவும் ஊர் ஊராகப் பரவியது. தொழுவங்களைக் காலி செய்தது. தடுப்பூசியாலும் கவனத்தாலும் 2011இல் அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது. கோமாரியையும் ஒழிக்க முடியும். அதற்கு ஊசி போடுபவர் மட்டும் போதாது. சந்தைக்கு மாடு கொண்டுபோகும் ஒவ்வொருவரும் வேண்டும்.

இன்றே ஒரு தாள் எடுங்கள். நீங்களே எழுதுங்கள். கீழே உள்ளதைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊருக்கும் உங்கள் மாட்டுக்கும் ஏற்றபடி கூட்டலாம், குறைக்கலாம்.

சந்தைச் சாமான்

1. காகிதப் பை: மருத்துவர் சான்று, தடுப்பூசிச் சீட்டு, காது எண், ரசீது, வெள்ளைத் தாள், பேனா.
2. தீவனம்: தாள், தீனிச் சாக்குகள், வழிக்குத் தண்ணீர், வாளி இரண்டு, தொட்டி ஒன்று.
3. கயிறு: நான்கு வகை, மாற்றுக் கயிறு, முளை, அடிக்கும் கட்டை.
4. இடத்துக்கு: தார்ப்பாய், மூங்கில், கோணிப் போர்வை, கூடை, மண்வெட்டி, விளக்குமாறு, அரிவாள், சாக்கு ஊசி, நூல்.
5. சுத்தத்துக்கு: தேங்காய் நார், துணி, சீப்பு, எண்ணெய், சோப்பு, சலவைச் சோடா.
6. அலங்காரம்: சலங்கை, நெற்றிப் பட்டம், கொம்புக் குப்பி.
7. மருந்துப் பை: பஞ்சு, துணிக்கட்டு, அயோடின், வேப்பெண்ணெய், கத்தரிக்கோல்.
8. மனிதருக்கு: சமையல் சாமான், கம்பளி, டார்ச் லைட், பேட்டரி.



பேசிப் பார்ப்போம்

1. கோமாரித் தடுப்பூசியை ஏன் ஒரு மாதம் முன்பே போட வேண்டும்?
2. மூன்று மாட்டுக்கு 4 நாளைக்கு எவ்வளவு தாள் வேண்டும்? கணக்குப் போடுங்கள்.
3. எதிர் வரிசையில் நோய் வந்ததை வாங்குபவரிடம் சொன்னது சரியா? உங்கள் வீட்டுக் காளையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?
4. மாடு விற்ற ரசீது ஒன்றை எழுதிப் பழகுங்கள்.